தரம் பார்ப்பவர் தன்னைப் பற்றி எழுதியது

செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஐம்பது நிமிடத்துக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம் உண்டு. தரம் பார்க்கும் ரிஜெக்ட் சார் அப்போது பிடி வைத்த ஒரு பித்தளைக் குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றடைத்த குழாயை முப்பது விநாடி முக்க வேண்டும். ஒரு குமிழி மேலே வந்தாலும் குழாய் ஒழுகும் என்று அர்த்தம். பதினெட்டாவது விநாடியில் பேக்கிங் பிரிவு அக்கா கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். எல்லாரையும் முற்றத்துக்கு வரச் சொல்கிறார்கள், கம்பெனியை மூடப்போகிறார்களாம் என்றாள். அவர் மீதிப் பன்னிரண்டு விநாடியும் முக்கிப் பிடித்துவிட்டுத்தான் குழாயை வெளியே எடுத்தார். குமிழி வரவில்லை. பச்சைச் சீட்டைக் கட்டித் தட்டில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார்.

பெர்சனல் ஆபீசர் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் காகிதத்தைப் படித்தார். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு ஆலை மூடப்படுகிறது, நிர்வாகம் வருந்துகிறது, ஒத்துழைப்புக்கு நன்றி. நூற்று நாற்பது பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பின்வரிசையில் ரிஜெக்ட் சார் கையைத் தூக்கினார்.

“சார், இந்த மாசத்துக்கு முப்பது நாள்தான்.”

ஆபீசர் காகிதத்தைப் பார்த்தார், கைபேசியை எடுத்துப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் கூட்டத்தில் காரணமில்லாத ஒரு நம்பிக்கை ஓடியது. இல்லாத தேதியில் எப்படி மூட முடியும் என்று பாலிஷ் பிரிவில் ஒருவர் சட்டம் பேசக்கூடத் தொடங்கினார். ஆபீசர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து முப்பத்தொன்றை அடித்து முப்பது என்று எழுதினார். அப்போது நூற்று முப்பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் திரும்பி ரிஜெக்ட் சாரைப் பார்த்த பார்வையை அவர் கடைசிவரை மறக்கவில்லை. இருந்த ஐந்து நாளில் ஒன்றைக் குறைத்தவர் அவர்தான் என்று சிலர் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

ரிஜெக்ட் சார் என்பது, குழாயைக் கடைந்தெடுக்கும் லேத் பிரிவு வைத்த பட்டம். ஆலையில் செய்து முடித்த குழாயெல்லாம் கடைசியில் அவருடைய கண்ணாடி அறைக்குத்தான் வரும். திருகுமரை சரியாக ஓடுகிறதா, பிடி திரும்புகிறதா, பூச்சில் புள்ளி இருக்கிறதா, முக்கினால் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். நன்றாக இருந்தால் பச்சைச் சீட்டு. கொஞ்சம் சரிசெய்தால் தேறும் என்றால் மஞ்சள். தேறவே தேறாது என்றால் சிவப்பு. இருபத்தாறு வருடம் இந்த மூன்று நிறத்தோடு குடித்தனம் நடத்தியவர். தொட்டி இடது பக்கம் தாழ்வாக இருந்ததால் அவருடைய இடது தோளும் வருடத்துக்கு ஒரு மயிரிழை வீதம் இறங்கிவிட்டது. அவர் நடந்து வந்தால், கண்ணுக்குத் தெரியாத வாளி ஒன்றைத் தூக்கி வருகிறவர் மாதிரி இருக்கும்.

ஐந்தரை மணிக்குக் கையைக் கழுவலாம், கண்ணைக் கழுவ முடியுமா? டீக்கடையில் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். புதுச் செருப்பு வாங்கினால் இரண்டையும் அடியோடு அடி சேர்த்துப் பார்த்து, கடைக்காரரிடம் நாலு ஜோடி கேட்டு அதிலிருந்து ஒரு ஜோடி சேர்ப்பார். மனைவியின் அண்ணன் புது வீடு கட்டி உறவுக்காரர்களையெல்லாம் அழைத்துச் சுற்றிக் காட்டியபோது, மற்றவர்கள் சுவர் நிறத்தைப் புகழ்ந்தார்கள். இவர் மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு, மூன்றாவது படி மற்றதைவிடப் பன்னிரண்டு மில்லிமீட்டர் உயரம் என்றார். அது நடந்து பதினான்கு வருடம். மச்சானுக்கு அதற்கு முன் அப்படி ஒரு படி இருப்பதே தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் படியில் கால் இடறாத நாளே கிடையாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டினார், முகம் கழுவினார், துண்டை மடித்து ஓரங்களைச் சேர்த்துக் கொடியில் போட்டார். பிறகு மனைவியிடம் சொன்னார்.

“முப்பதாம் தேதியோட மூடுறாங்க. முதல்ல முப்பத்தொண்ணுன்னு போட்டிருந்தாங்க. நான்தான் திருத்தினேன்.”

“அதையும் நீங்கதான் பண்ணணுமா?” என்றாள் மனைவி. அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். பிறகுதான் அவர் சொன்னதன் முதல் பாதி அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரத்துக்குள் மச்சான் போன் செய்துவிட்டார். அவருக்குக் கடைத்தெருவில் சோபா, கட்டில், அலமாரி விற்கும் பெரிய ஷோரூம். குரலில் அன்பு வழிந்தது. அதற்குள் பதினான்கு வருடப் பாக்கி ஒன்றும் மிதந்தது. “மாப்பிள்ளை, எதுக்குக் கவலை? திங்கக்கிழமையிலேர்ந்து நம்ம கடைக்கு வந்திருங்க. கவுன்டர் பக்கத்துல ஒரு சேர் போட்டுர்றேன். ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா உக்காந்தா போதும்.” கூடவே ஒரே ஒரு நிபந்தனையும் சொன்னார். கஸ்டமர் முன்னால் எதையும் அளக்கக் கூடாது, தட்டிப் பார்க்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது.

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலை போனதைக்கூட அவர் விழுங்கிவிட்டிருந்தார். ‘சும்மா’ தான் தொண்டையில் நின்றது. ஷோரூமில் இருக்கும் இருநூறு சோபாவில் எத்தனை ஆடும், எத்தனையில் தையல் பிரியும் என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும். அத்தனைக்கும் நடுவில் வாய்க்குத் தாழ்ப்பாள் போட்டு உட்காருவது, தண்ணீருக்குள் முப்பது விநாடி இல்லை, முப்பது வருடம் மூச்சுப் பிடிப்பது மாதிரி. வேண்டாம் என்றார். மனைவி அண்ணனுக்காகவும் பேசவில்லை, புருஷனுக்காகவும் பேசவில்லை. அலுவலகக் கோப்பை முடித்து வைப்பது போல ஒரு வழி சொன்னாள்.

“வேணாம்னா வேணாம். ஆனா வேற ஒரு எடத்துல விண்ணப்பமாவது போட்டுட்டுச் சொல்லுங்க. ஒண்ணுமே போடாம வேணாம்னா, எங்க அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?”

ஆக, திங்கட்கிழமைக்குள் ஒரு விண்ணப்பம் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் நாற்காலி.

விண்ணப்பம் போட ஓர் இடம் வேண்டுமே. அதைக் கொண்டுவந்தது, அவர் எதிர்பார்த்திருக்கவே முடியாத ஆள். லேத் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஆலை வரலாற்றில் அதிகம் சிவப்புச் சீட்டு வாங்கியவர் அவர்தான். ஒன்பது வருடமாக ரிஜெக்ட் சாரிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. புதன்கிழமை மத்தியானம் அவர் கண்ணாடி அறைக்குள் வந்து, உட்காராமலே விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் கடைசிச் செக்கிங்குக்கு ஆள் கேட்கிறார்கள். அவருடைய மச்சினி அங்கே வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஈமெயிலில் ரெஸ்யூம் போக வேண்டும். ஒரே ஒரு பக்கம்தான் இருக்கலாம்.

ரிஜெக்ட் சார் நன்றி சொல்ல வாயெடுத்தார். லேத்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீங்க நல்லா இருக்கணும்னு சொல்லல சார். அங்கயும் ஒரு லேத்காரன் இருப்பான்ல. அவனும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்.”

ரிஜெக்ட் சார் தன் வாழ்நாளில் ரெஸ்யூம் எழுதியதில்லை. இந்த ஆலையில் சேர்ந்தபோது, முன்பிருந்த மேனேஜர் அவரிடம் இரண்டு குழாயைக் கொடுத்து எது மோசம் என்று கேட்டார். இரண்டுமே என்றார் இவர். மறுநாள் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அதனால் புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வீட்டில் இருந்த ஒரே நல்ல காகிதம், ஆலையில் மிஞ்சி வந்த பரிசோதனைப் படிவக் கட்டு. அதில் கட்டங்கள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. கட்டம் இருந்தால் அவருக்குக் கை ஓடும். அரை மணி நேரத்தில் எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மகள் அலுவலகத்திலிருந்து வந்து அதை எடுத்துப் படித்தாள். அவள் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்த வேலை கிடைப்பதற்குள் நாற்பது ரெஸ்யூம் அனுப்பியவள் என்பதால் வீட்டில் இந்தத் துறைக்கு அவள்தான் நிபுணர். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். பொருள் என்ற கட்டத்தில், ஆண், ஒன்று, என்றிருந்தது. தயாரித்த ஆண்டு போட்டிருந்தது. உயரம் என்ற கட்டத்தில், இருக்க வேண்டியது நூற்று அறுபத்தெட்டு, இருப்பது நூற்று அறுபத்தேழு. குறைகள் என்ற பெரிய கட்டம் நிரம்பி, மிச்சம் பின்பக்கம் போயிருந்தது. வலது காது சற்று மந்தம். இடது தோள் பதினெட்டு மில்லிமீட்டர் தாழ்வு. பேச்சு சொரசொரப்பு. பிறர் வீட்டுக்குப் போனால் அடக்கம் போதாது. கம்ப்யூட்டர் தெரியாது. கடைசியில் முடிவு என்ற கட்டத்தில், ‘மறுவேலைக்குப் பின் ஏற்கலாம்’ என்று எழுதி, விதிப்படி ஒரு மஞ்சள் சீட்டையும் நூலால் கட்டியிருந்தார்.

மகள் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. இதை அனுப்பினால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், ரிப்பேருக்குத்தான் எடுத்துப் போவார்கள் என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குறை இல்லை என்று எழுதினால் பார்க்கவில்லை என்று அர்த்தம்; குறைக் கட்டம் காலியாக இருந்த எந்தக் காகிதத்திலும் தான் கையெழுத்துப் போட்டதில்லை என்றார். மனைவி அந்தப் படிவத்தை வாங்கி நிதானமாக முன்னும் பின்னும் படித்தாள்.

“எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கார். ரெண்டு மூணு விட்டுப்போச்சு.”

வியாழக்கிழமை மகள் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். முதலில் போட்டோ. அவர் மத்தியானம் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு, தோள் சாய்ந்திருக்கிறது, கேமராவை நேராக வைத்து மறுபடி எடுங்கள் என்றார். ஸ்டூடியோக்காரர் மூன்று முறை எடுத்தார். மூன்றாவது முறை கேமராவைச் சற்றுச் சாய்த்து எடுத்தபோது தோள் நேராகிவிட்டது, பின்னாலிருந்த திரை சாய்ந்துவிட்டது. அதற்கு முதல் படமே தேவலாம் என்று வாங்கி வந்தார்.

பிறகு எழுத்து. மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் எடுத்தாள். ரெஸ்யூம் படிக்கிறவர் ஒரு காகிதத்துக்குப் பத்து விநாடிகூடக் கொடுக்க மாட்டார். அதனால் முதல் வரியே சட்டையைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வரியும் வலுவான வினையில் முடிய வேண்டும்: சாதித்தேன், உயர்த்தினேன், வழிநடத்தினேன். அவர் யோசித்துப் பார்த்தார். தான் செய்ததெல்லாம் முக்கினேன், பார்த்தேன், சீட்டுக் கட்டினேன் என்றார்.

அவள் விடவில்லை. தன் பழைய ரெஸ்யூமிலிருந்து முதல் வரியை எடுத்து அவருக்குப் பொருத்தினாள். துடிப்பும் தொலைநோக்கும் கொண்ட, குழுவாகச் செயல்படுவதில் பேரார்வம் மிக்க, மாற்றத்தை விரும்பும் தர நிபுணர். அச்செடுத்துக் கொடுத்ததும் அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். தொலைநோக்கு என்ற சொல்லின் கீழே கோடு போட்டு, எந்தக் கருவியால் அளந்தது என்று கேட்டார். குழு என்பதற்கு எதிரே, இருபத்தாறு வருடம் கண்ணாடி அறையில் தனி ஆள் என்று எழுதினார். மாற்றத்தை விரும்பும் என்பதைப் படித்துவிட்டு மனைவி சமையலறையிலிருந்தே சிரித்தாள்; இந்த வீட்டில் நாட்காட்டி மாட்டும் ஆணியைக் கூட ஒரு விரல் நகர்த்த விடாதவர் அவர்.

எண்கள் வந்தபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. நல்ல ரெஸ்யூமில் எண் இருக்க வேண்டும் என்று மகள் சொன்னதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாளைக்கு முந்நூறு குழாய், வருடத்துக்கு இருநூற்றுத் தொண்ணூறு நாள், இருபத்தாறு வருடம்: இருபத்திரண்டு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் குழாய். மகள் அதை இருபத்து மூன்று லட்சம் என்று தட்டினாள். வாசிக்க நன்றாக இருக்குமாம். அந்த முப்பத்தெட்டாயிரம் குழாயை யார் பார்த்தது என்று கேட்டார் அவர். அவள் பெருமூச்சோடு அழித்துவிட்டுப் பழையபடி அடித்தாள்.

“இதுல எத்தனை குழாய் ஒழுகுதுன்னு வெளியிலேர்ந்து திரும்பி வந்துச்சுப்பா?”

“பதினொண்ணு.”

மகள் திரும்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு லட்சத்தில் பதினொன்று என்பது ரெஸ்யூமில் தங்க எழுத்தில் போட வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும். போட்டும் விட்டாள். அவர் அத்தோடு நிறுத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பதினொன்று என்று மட்டும் எழுதினால் யார் நம்புவார்கள், பதினொன்றையும் எழுத வேண்டும் என்றார். எழுதிக்கொள் என்று கண்ணை மூடிக்கொண்டு மாதம், வருடம், குழாயின் வகை, தப்பிய குறை என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். பதினொன்றும் அவருக்கு மனப்பாடம். சொல்லி முடித்தபோது ஒரு பக்க ரெஸ்யூமில் பாதிப் பக்கம் அவர் தவறவிட்ட குறைகளாகவே இருந்தது.

அப்பாவும் மகளும் அதற்குத்தான் சண்டை போட்டார்கள். வேலை கேட்டுப் போகிறவன் தன் தப்பைத் தானே பட்டியல் போடுவானா என்று அவள் கேட்டாள். மற்ற எல்லாரும் வெற்றியை மட்டும்தான் போடுவார்கள் என்றாள். மற்ற எல்லாரையும் யார் செக் பண்ணியது என்று இவர் கேட்டார். கடைசியில் அவள் பதினொன்றையும் எடுத்துவிட்டு, முதல் வரியில் தொலைநோக்கைத் திரும்ப வைத்து, ஈமெயில் வரை எல்லாவற்றையும் தயார் செய்தாள். நாளைக்குத் தான் அலுவலகத்தில் இருப்பேன், ஐந்து மணிக்குள் இந்த ஒரு பொத்தானை மட்டும் அழுத்தினால் போதும் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். எடுத்த பதினொன்றை மட்டும் அவள் தூக்கிப் போடவில்லை. மடிக்கணினியிலேயே இன்னொரு பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆலையில் வேலை ஒன்றும் இல்லை. மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை மணியிலிருந்து அவர் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். பொத்தானை அழுத்தவில்லை. எஃகு ஸ்கேலைத் திரையின் மேல் வைத்து ஓரங்களை அளந்தார். இடது ஓரத்தைவிட வலது ஓரம் அரை மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மகளுக்குப் போன் செய்து கேட்டார். அங்கே அதைத் திறந்து பார்க்கும்போது அளவு வேறாகத்தான் இருக்கும் என்றாள். அப்படியானால் எந்த அளவுதான் உண்மை என்று கேட்டார். மூன்றாவது முறை போன் செய்தபோது அவள் எடுக்கவில்லை. தொலைநோக்கு என்ற சொல் திரையில் அவரை முறைத்துக்கொண்டே இருந்தது.

நாலு பத்துக்கு வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. மச்சான் வந்தார். பின்னால் டிரைவர் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு சுழல் நாற்காலியைத் தூக்கி வந்தார். திங்கட்கிழமை வரை காத்திருக்க மச்சானுக்குப் பொறுக்கவில்லை. “உங்க சேர் மாப்பிள்ளை. வெளிநாட்டுச் சரக்கு. உக்காந்து பாருங்க.” அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மனைவி, தோளில் மாட்டிய கைப்பையோடு நிலைப்படியில் நின்றாள்.

மரியாதைக்கு உட்கார்ந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். அவருடைய முகத்தில் ஒரு நிழல் ஓடியதை மனைவி பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அதற்குள் அவர் எழுந்து நாற்காலியைக் கவிழ்த்துவிட்டார். ஐந்து சக்கரத்தில் ஒன்றின் திருகு பாதிதான் ஏறியிருந்தது. கனமான ஆள் சாய்ந்தால் கழன்றுவிடும் என்று மெதுவாகத்தான் சொன்னார்.

மச்சான் நிறையப் பொறுத்தவர். ஆனால் அவருக்கு ஒரு படி இருந்தது. ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, நான் ஒண்ணு கேக்கறேன். எடுத்ததுக்கெல்லாம் குறை சொல்ற ஆளை எவன் சம்பளம் குடுத்து வெச்சுப்பான்?”

ரிஜெக்ட் சார், கவிழ்த்த நாற்காலியின் பக்கத்தில் குத்துக்காலிட்டபடியே அண்ணாந்து பார்த்தார். அந்தக் கேள்வியில் அவருக்குக் கோபம் வரவில்லை. மூன்று நாளாகத் தேடிய முதல் வரி அதில் கிடைத்துவிட்டது.

“அதுக்குத்தானே மச்சான் சம்பளமே குடுத்தாங்க. இருபத்தாறு வருஷம்.”

எழுந்து போய்க் கணினி முன் உட்கார்ந்தார். துடிப்பு, தொலைநோக்கு, பேரார்வம் எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானை மகள் முன்னொரு நாள் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதை விரலை எடுக்காமல் அழுத்தினார். பிறகு ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். குறை கண்டுபிடிப்பது என் வேலை. இருபத்தாறு வருடம் அதைச் செய்தேன். பார்த்தது இருபத்திரண்டு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். என்னைத் தாண்டிப் போன குறைகள் பதினொன்று, கீழே உள்ளன. இதை அடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மகள் ஒட்டி வைத்திருந்த பதினொன்றைக் கீழே கொண்டுவரத் தெரியாமல் தடுமாறியபோது, மனைவி கைப்பையைக் கழற்றிவிட்டு வந்து செய்து கொடுத்து, புதுப் பக்கத்தை ஈமெயிலோடும் சேர்த்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் தினமும் அவள் செய்கிற வேலைதான் அது. மச்சான் நின்றுகொண்டே இருந்தார்; உட்கார இருந்த நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. அவர் ஸ்கேலை எடுத்தார். மனைவி அதைக் கையிலிருந்து பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு, அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பொத்தானைத் தானே அழுத்தினாள். பிறகு அண்ணனிடம் டீ குடிக்கிறியா என்று கேட்டாள். மச்சான் வேண்டாம், சேரை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு ரிஜெக்ட் சார் உள்ளே போய் ஸ்பானரை எடுத்துவந்து, அந்தத் திருகை முழுக்க முடுக்கி, நாற்காலியை நிமிர்த்தி, ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தனுப்பினார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். தரப் பிரிவு மேனேஜர் நாற்பது வயதுப் பெண்மணி. அவருடைய மேசையில் ஒரு பக்கம் ரெஸ்யூம் குவியல் இருந்தது; எதிரில் இவருடைய காகிதம் மட்டும் தனியாக இருந்தது. நாற்பத்திரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள், அதில் நாற்பத்தோரு பேர் வாழ்க்கையில் தப்பே செய்யாதவர்களாம் என்றார். பதினொன்றில் ஏழாவதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். மற்ற பத்தும் எவருக்கும் தப்பிவிடக்கூடிய சின்னக் கசிவு. ஏழாவது, ஆஸ்பத்திரி வார்டுக் குழாய், மரையில் விரிசல். கண்ணுக்குத் தெரிகிற குறை அது, எப்படித் தவறியது என்று கேட்டார்.

“அன்னைக்குக் காலைலதான் மேடம் எனக்குப் பொண்ணு பொறந்தா. மத்தியான ஷிஃப்டுக்கு வந்துட்டேன். கை வேலை செஞ்சுது, கண்ணு அங்க இல்ல. வந்திருக்கக் கூடாது.”

லீவு போட்டிருக்கலாமே என்றார் மேனேஜர். போட்டிருக்கலாம், போட்டிருந்தால் பத்தோடு நின்றிருக்கும் என்றார் இவர். இதை ஏன் மறைக்காமல் எழுதினீர்கள் என்று அவர் கேட்டதற்கு, அந்தக் குழாயில் தொங்கியது தன்னுடைய பச்சைச் சீட்டு என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள்.

ஏழாவதின் கதை வீட்டில் மகளுக்குத் தெரிந்த நாளிலிருந்து, அவள் தன்னை ஏழாவது குறை என்றே சொல்லிக்கொள்ளத் தொடங்கினாள். சம்பள உயர்வு கிடைத்தாலும் சரி, பால் பொங்கி வழிந்தாலும் சரி, ஏழாவது குறை வந்திருக்கிறது பாருங்கள் என்பாள். அவர் மறுக்க மாட்டார். உன் குறை இல்லை, நான் ஷிஃப்டுக்கு வந்ததுதான் குறை என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். மச்சான் ஒரு வருடம் பேசவில்லை. பிறகு கடைக்குப் புதுச் சரக்கு வந்தால் சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கஸ்டமர் இல்லாத நேரத்தில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்க்கச் சொல்ல ஆரம்பித்தார். வால்வுக் கம்பெனியின் லேத் பிரிவில் ஒருவர், மூன்றே வாரத்தில், யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவருக்கு ரிஜெக்ட் சார் என்று பெயர் வைத்தார்.

அந்தக் கம்பெனியில் ஆறு வருடம் நாலு மாதம் வேலை பார்த்தார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாளிதழைப் படித்துவிட்டு நாலு மூலையும் சேரும்படி மடித்து வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் சனிக்கிழமை வரை வேலைக்குப் போயிருந்தார்.

வேலை கிடைத்த புதிதில், ரெஸ்யூமை எப்போதும் புதிதாக வைத்திருக்க வேண்டும் என்று மகள் சொன்னதால் அவரே ஒரு நாள் உட்கார்ந்து அதில் ஒரு வரி சேர்த்தார். கம்பெனி பெயர், வேலை, சேர்ந்த தேதி, பிறகு ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் ‘இன்று வரை’ என்று போடச் சொன்னாள் மகள். எந்த இன்று என்று கேட்டார் அவர். நாளைக்குப் படிக்கிறவனுக்கு அது தப்பாகிவிடும், வேலையை விடும்போது சரியான தேதியைப் போட்டுக்கொள்ளலாம் என்று அப்படியே சேமித்து வைத்தார். கோப்பு மகளின் மடிக்கணினியில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அப்புறம் இன்னும் தேதி போடவில்லை.